மலையில் பிறந்த குதிரை, லாயத்தில் பிறந்த குதிரை: குணத்தை அறிந்து பழக்கும் முறை

பட்டியின் மூலையில் ஒரு குதிரை உங்களுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. காதுகள் பின்னால் படிந்திருக்கின்றன. ஒரு பின்னங்கால் லேசாகத் தூக்கியிருக்கிறது. லாயத்தில் பிறந்து மனிதர் கையில் வளர்ந்த குதிரை என்றால், இது பெரும்பாலும் அது கற்றுக்கொண்ட தந்திரம். முன்பு எப்போதோ இப்படித் திரும்பி நின்றபோது யாரோ பயந்து, தலைக்கயிறு மாட்டாமலே போயிருக்கிறார். நீங்களும் பின்வாங்கினால் அந்தப் பாடம் இன்னும் ஆழமாகப் பதியும். அதே மாதிரி நிற்பது மலையில் பிறந்து, பிடிபட்டு மூன்று மாதம்கூட ஆகாத மஸ்டாங் (அமெரிக்காவில் கட்டற்றுத் திரியும் குதிரை) என்றால் விஷயமே வேறு. அதற்குத் தப்பிக்க வழி தெரியவில்லை; இன்னும் ஓரடி வைத்தீர்களானால் உதைத்துவிடும். உடனே இரண்டடி பின்னால் போக வேண்டும்.

நிற்கும் விதம் ஒன்றுதான். காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. லாயக் குதிரையிடம் நாம் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் பழக்கத்தோடு. மலையில் பிறந்ததிடம் பயத்தோடு. பயத்தைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு அடக்கினால் ஆபத்தான குதிரை உருவாகும். கெட்ட பழக்கத்தைப் பயம் என்று நினைத்துக் கொஞ்சினால், ஆளைத் தள்ளிக்கொண்டு நடக்கும் 450 கிலோ விலங்கு மிஞ்சும். கீழே வரும் முறைகள் எல்லாம் அமெரிக்காவின் மஸ்டாங் குதிரைகளை முன்வைத்துச் சொல்லப்படுபவை. காட்டில் பிறந்த குதிரையைச் சட்டப்படி வீட்டுக்குக் கொண்டுவந்து பழக்கும் வழக்கம் அங்கேதான் மிக விரிவாக இருக்கிறது.

இரத்தத்தில் இல்லை, வளர்ப்பில் இருக்கிறது

மஸ்டாங் தனி இனமான காட்டு விலங்கு அல்ல. அமெரிக்கக் கண்டங்களில் பழைய குதிரைகள் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. 1493-இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்திலும், 1519-இல் கோர்த்தேஸ் மெக்சிகோவில் இறங்கியபோதும் வந்த ஸ்பானியக் குதிரைகள், பிறகு பண்ணைகளிலும் குதிரைப்படையிலும் இருந்து தப்பியவை, அவிழ்த்துவிடப்பட்டவை எல்லாம் கலந்து உருவான கூட்டம் இது. ‘மெஸ்தேன்யோ’ என்ற ஸ்பானியச் சொல்லுக்கு உரிமையாளர் இல்லாமல் திரியும் கால்நடை என்று பொருள். மஸ்டாங் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. நெடுந்தீவில் திரியும் குதிரைகளும், கோடியக்கரைச் சரணாலயத்தில் உப்பங்காற்றில் மேயும் மட்டக் குதிரைகளும் இதே வகைதான். வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து, மனிதர் கையை விட்டு விலகிப்போனவை.

இதனால் கிடைக்கும் நன்மை பெரியது. பல ஆயிரம் ஆண்டு வளர்ப்பில் மனிதனோடு இணங்கி வாழ ஏதுவான இரத்தம் மஸ்டாங்கின் உடம்பிலும் ஓடுகிறது. வரிக்குதிரையிடம் இது கிடையாது. அதனால்தான் தலைமுறை தலைமுறையாகப் பாலைவனத்தில் வாழ்ந்த கூட்டத்திலிருந்து பிடித்த குதிரையைச் சில மாதங்களில் சேணம் பூட்ட முடிகிறது. மஸ்டாங் பெட்டை ஒன்று உங்கள் வீட்டில் குட்டி ஈன்றால், அந்தக் குட்டி கையால் தொட்டு வளர்க்கும் எந்த லாயக் குட்டியையும் போலவே வளரும். ‘காட்டுத்தனம்’ என்று நாம் சொல்வது, பிறந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் அது எதைப் பார்த்தது, யாரிடம் கற்றது என்பதைத்தான்.

கழுத்து முத்திரையை எப்படிப் படிப்பது

1971 டிசம்பரில் வந்த சட்டத்தின் கீழ் இந்தக் குதிரைகளைப் பி.எல்.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் நில மேலாண்மைப் பணியகம் பாதுகாக்கிறது. எண்ணிக்கை மிஞ்சும் இடங்களில் பிடித்துத் தத்துக் கொடுக்கிறது. ஒவ்வொன்றின் கழுத்தின் இடப்பக்கத்திலும் பிடரி மயிருக்குக் கீழே உறைகுளிர் முத்திரை, அதாவது கடுங்குளிரூட்டிய இரும்பால் இட்ட அடையாளம், இருக்கும். அந்த இடத்தில் மயிர் வெள்ளையாக முளைத்திருக்கும். எண்களுக்குப் பதிலாகக் கோணக் குறியீடுகள் இருக்கும். முதல் குறி அமெரிக்க அரசைக் குறிக்கும். அடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு குறிகள் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். பிறகு வருவது பதிவெண்.

முத்திரை இருப்பதாலேயே அது மலையில் பிறந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தாய் பிடிபட்ட பிறகு அரசுப் பட்டியில் பிறந்த குட்டிக்கும் இதே முத்திரைதான். எனவே தத்தெடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தப் பகுதியில் பிடிபட்டது? அப்போது வயது என்ன? எவ்வளவு காலமாக அரசுப் பட்டியில் இருக்கிறது? ஆறு மாதக் குட்டியாகப் பிடிபட்டு இரண்டு ஆண்டு பட்டியில் நின்ற குதிரைக்கும், ஏழு வயதில் போன மாதம் பிடிபட்ட குதிரைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். யூட்டாவின் ஓனாக்கி மலைப்பகுதி போன்ற இடங்களுக்குப் படமெடுப்பவர்கள் ஓயாமல் வந்துபோகிறார்கள். அங்கிருந்து வரும் குதிரை மனிதரைத் தூரத்தில் பார்த்துப் பழகியிருக்கும். ஆள் நடமாட்டமே இல்லாத நெவாடாவின் உட்பகுதியிலிருந்து வருவதற்கு அந்தப் பழக்கம்கூட இருக்காது.

முதல் தடவை எடுப்பவர்கள் நாலைந்து வயதுக்கு மேற்பட்ட, நேற்றுவரை கூட்டத்தை ஆண்ட ஆண் குதிரையைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது. காயடித்த பிறகும் அந்தத் தன்னம்பிக்கை உடனே போய்விடாது. அதேபோல, குட்டி என்றால் சுலபம் என்று நினைத்து ஒரு வயதுக் குட்டியைத் தனியாகக் கொண்டுவருவதும் தவறு. துணையில்லாமல் அது படும் பதற்றம் பெரிய குதிரையின் பயத்தைவிடக் கையாளக் கடினம். இரண்டு மூன்று வயதுப் பெட்டையோ காயடித்ததோ, பட்டிக்குள் நீங்கள் நடந்துபோகும்போது ஓடி ஒளியாமல் நின்று இரண்டு காதையும் உங்கள் பக்கம் திருப்புவது, நல்ல தேர்வு.

குணம் எங்கே பிரிகிறது

மலையில் பிறந்த குட்டி, அடுத்த குட்டி பிறக்கும் வரை ஏறத்தாழ தாயோடேயே இருக்கிறது. கூட்டத்தில் மூத்த பெட்டைகள் உண்டு. எல்லை மீறினால் ஒரு காது மடிப்பு, அதற்கும் கேட்காவிட்டால் ஒரு கடி. இரண்டு மூன்று வயதில் வெளியே தள்ளப்படும்போது அதற்குக் குதிரை மொழி முழுதாகத் தெரிந்திருக்கும். எங்கே நிற்கலாம், யாருக்கு வழிவிட வேண்டும், எந்த அசைவு எதைச் சொல்கிறது என்பதெல்லாம் அத்துப்படி. பண்ணைகளில் பெரும்பாலான குட்டிகளை நாலைந்து மாதத்திலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். அதன்பின் சம வயதுக் குட்டிகளோடு, அல்லது தனியறையில். ஒழுங்கு சொல்லித்தர மூத்தவர் யாரும் இல்லாத பிள்ளைகள் அவை.

அதனால் மஸ்டாங் உங்கள் உடலைப் படிக்கும் விதம் புதிதாகப் பார்ப்பவரை அசத்திவிடும். உங்கள் தோள் அதன் பின்தொடையை நோக்கித் திரும்பினாலே போதும், அது நகர்ந்துவிடும். லாயக் குதிரையோ, ஓயாமல் இழுத்தும் தட்டியும் நச்சரிக்கப்பட்டதால், இதே சைகையைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால்தான் திரும்பிப் பார்க்கும். மலைக்குதிரைக்கு அந்தச் சுண்டல் பெரிய அடி.

மலையில் பிறந்தது சக்தியை வீணாக்காது. மிரண்டால் ஓடும், ஆனால் பத்திருபது மீட்டர் ஓடியதும் நின்று திரும்பிப் பார்க்கும். காரணம் தெரியாமல் நெடுந்தூரம் ஓடுவது மேய்ச்சல் குறைந்த இடத்தில் கட்டுப்படியாகாது. லாயத்திலேயே அடைபட்டு, ஓட்ஸ் தின்று கொழுத்த குதிரை ஒரு பிளாஸ்டிக் பைக்கு மிரண்டு பண்ணையையே சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். கல்லும் பள்ளமுமான பாதையில் எங்கே குளம்பை வைப்பது என்பதிலும் மலைக்குதிரை நிதானமானது. மரக்கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்குவது, நின்ற இடத்தில் இப்படியும் அப்படியும் ஆடுவது போன்ற நோய்ப் பழக்கங்கள் அறைக்குள் அடைபட்ட குதிரைகளுக்குத்தான் வரும். திறந்த வெளியிலிருந்து பிடித்துவந்ததைச் சிறு அறையில் நாள் முழுக்கப் பூட்டினால் அதற்கும் வரும்.

இன்னொரு வித்தியாசம் பலருக்கு மனவருத்தம் தரும். லாயக் குதிரைக்கு மனிதர் பொது. முன்பின் தெரியாதவர் வந்தாலும் தலையை நீட்டும். மலையில் பிறந்தது உங்களை ஏற்றுக்கொண்ட பிறகும், உங்கள் தம்பியை ஏற்றுக்கொள்ள மறுக்கும். அதற்கு ‘மனிதர்’ என்ற பொது வகை இல்லை; ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேர்வெழுத வேண்டும். தொப்பி மாறினாலே சில குதிரைகளுக்கு நீங்கள் புது ஆள். இதை முன்கூட்டியே மனதில் வைத்து, முதல் மாதம் ஒருவர் மட்டும் பழகி, இரண்டாம் மாதத்திலிருந்து வெவ்வேறு உயரமும் குரலும் உள்ள நாலைந்து பேரைச் சேர்த்துவிடுங்கள்.

வருவதற்கு முன்பே பட்டி தயாராக இருக்க வேண்டும்

பி.எல்.எம். கேட்கும் அளவுகள் அனுபவத்தில் வந்தவை, குறைக்காதீர்கள். ஒரு குதிரைக்குக் குறைந்தது 400 சதுர அடி, அதாவது 20-க்கு 20. பழக்கப்படாத, 18 மாதத்துக்கு மேற்பட்ட குதிரைக்கு வேலி உயரம் 6 அடி. அதற்குக் குறைந்த வயதுக்கு 5 அடி. இரும்புக் குழாயோ தடித்த பலகையோ வேண்டும். முள்கம்பியும் கம்பி வலையும் கூடாது. பயந்த குதிரைக்கு மெல்லிய கம்பி கண்ணில் படாது, பாய்ந்து கிழித்துக்கொள்ளும். ஒதுங்க 12-க்கு 12 அடியில், இரண்டு பக்கமாவது சுவரும் மேலே கூரையும் உள்ள கொட்டகை.

நாம் சேர்த்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பட்டியை இன்னொரு வேலிக்குள் அமையுங்கள்; வாசல் நழுவினாலும் குதிரை சாலைக்குப் போகாது. சதுர மூலைகளில் பலகையைக் குறுக்காக வைத்து மழுக்கிவிடுங்கள், மூலைக்குள் தலையைக் கொடுத்துப் பின்னால் உதைக்கும் வாய்ப்பு குறையும். அடிப்பலகைக்குக் கீழே நீங்கள் உருண்டு வெளியேறும் அளவு இடைவெளி இருக்கட்டும். ஆனால் குளம்பு சிக்கும் அளவில் இரண்டு குழாய்களுக்கு நடுவே சந்து இருக்கக் கூடாது. அமைதியான ஒரு வயதான குதிரை பக்கத்துப் பட்டியில் கண்ணுக்குத் தெரியும்படி நின்றால், உங்கள் வேலையில் பாதியை அதுவே செய்துவிடும்.

டிரெய்லரிலிருந்து நேராக இந்தச் சின்னப் பட்டிக்குள்தான் இறக்க வேண்டும். ‘பாவம், இத்தனை நாள் அடைபட்டிருந்தது, கொஞ்சம் ஓடட்டும்’ என்று மேய்ச்சல் நிலத்தில் இறக்கிவிடுபவர்களுக்கு, அதை மறுபடி பிடிக்க ஆட்களும் வாரங்களும் தேவைப்படுகின்றன. துரத்தித் துரத்திப் பிடிக்கும்போது, மனிதர் துரத்துபவர் என்பதுதான் அதன் முதல் பாடமாகிறது.

தீவனத்தில் அவசரம் கூடாது. மஸ்டாங் சராசரியாக 320 முதல் 450 கிலோ. உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் உலர்புல் என்று கணக்கிட்டால், 400 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ. ஓட்ஸ் வேண்டாம். குதிரை மசால் என்ற சத்து மிகுந்த தீவனப் பயிரும் முதல் சில வாரங்களுக்கு அதிகம் வேண்டாம். வறண்ட புல்லுக்குப் பழகிய குடலுக்குத் திடீரென்று கொழுத்த தீவனம் கொடுத்தால் வயிற்றுவலியும் குளம்பழற்சியும் வரும். நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். எவ்வளவு குறைகிறது என்பதைத் தொட்டியில் கோடு போட்டுப் பாருங்கள். புது வாடைக்குப் பயந்து முதல் நாள் குடிக்காமல் நிற்கும் குதிரைகள் உண்டு.

தொடாமல் தொடங்குவது

முதல் இரண்டு மூன்று நாள் தீவனம் வைப்பதும் தண்ணீர் மாற்றுவதும் மட்டும்தான் வேலை. அதோடு, புல் வைத்த இடத்திலிருந்து தள்ளி, வேலிக்கு வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். குதிரையையே உற்றுப் பார்க்காதீர்கள். இரண்டு கண்ணாலும் நேராக முறைப்பது இரை தேடும் விலங்கின் வேலை.

பிறகு உள்ளே போங்கள். எத்தனை அடி தூரத்தில் அது தலையைத் தூக்கி, உடலை விறைத்து, நகரத் தயாராகிறதோ அதுதான் அதன் ஓடும் எல்லை. கால்நடைகளின் இந்த எல்லையையும், தோள்பட்டையருகே உள்ள சமநிலைப் புள்ளியையும் ஆராய்ந்து எழுதியவர்களில் டெம்பிள் கிராண்டின் முக்கியமானவர். அந்தப் புள்ளிக்குப் பின்னால் நீங்கள் நின்றால் விலங்கு முன்னே போகும். முன்னால் நின்றால் நிற்கும் அல்லது திரும்பும். புதிதாக வந்த மஸ்டாங்குக்கு எல்லை 20 அடியாகக்கூட இருக்கலாம், அதாவது பட்டி முழுதும். லாயக் குதிரைக்கு எல்லையே இல்லாமல், உங்கள் காலை மிதித்துக்கொண்டு நிற்கும்.

வேலை இப்படி நடக்கும். தோளை நோக்கிச் சாய்வாக, பேச்சுக் கொடுத்தபடி நடங்கள். எல்லையைத் தொடும் அந்த நொடியில், குதிரை நகர்வதற்கு முன்பே நில்லுங்கள். அது உங்களைப் பார்க்கும். தலை ஒரு விரலளவு தாழ்ந்தாலும், காது அசைந்தாலும், கண் இமைத்தாலும், திரும்பி நாலடி பின்னால் போய்விடுங்கள். அந்தப் பின்வாங்கல்தான் அதற்குச் சம்பளம். மறுபடி போங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எல்லை சில அங்குலம் சுருங்கும். 15, 20 நிமிடத்தில் நிறுத்திவிட்டு, நாளைக்கு இரண்டு மூன்று முறை செய்யுங்கள். பாதியில் அது ஓடினால் துரத்த வேண்டாம், மறித்து நிறுத்தவும் வேண்டாம். நீங்கள் நின்ற இடத்திலேயே நின்று, அது நின்றதும் இன்னும் அதிக தூரத்திலிருந்து தொடங்குங்கள்.

‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியைப் பட்டிக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள். வட்டப் பட்டிக்குள் குதிரையை நுரை தள்ளும் வரை ஓடவிட்டு, களைத்துப்போய் அது நிற்பதைப் ‘பணிந்துவிட்டது’ என்று காட்டுபவர்கள் உண்டு. மூச்சு வாங்க நிற்கும் குதிரை எதையும் கற்கவில்லை. நாளைக்கு மூச்சு திரும்பியதும் பயமும் திரும்பும்.

அமைதியா, உறைந்துபோனதா?

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு இங்கேதான் நடக்கிறது, அதனால் கிட்டே போய்ப் பார்ப்போம். குதிரை அசையாமல் நிற்கிறது, நீங்கள் கழுத்தைத் தொட்டும் ஓடவில்லை. பழகிவிட்டது என்று தோன்றும். முகத்தைப் பாருங்கள். கண் ஓரிடத்தில் குத்திட்டு, இமைக்காமல் இருக்கிறதா? கண்ணுக்கு மேலே தோல் முக்கோணமாகச் சுருங்கியிருக்கிறதா? மூக்குத் துவாரங்கள் விரிந்து அப்படியே நிற்கின்றனவா? கீழுதடு இறுகி, தாடை கல்லாக இருக்கிறதா? விலாவைப் பாருங்கள்: மூச்சு வெளியே வரவில்லை, வால் தொடைகளுக்கு நடுவே ஒட்டியிருக்கிறது. இது உறைந்துபோன குதிரை. தப்பிக்க முடியாது என்று முடிவு செய்து, உள்ளே ஒடுங்கிவிட்டது. இந்த நிலையில் சேணத்தைக்கூட ஏற்றிவிடலாம். ஏதோ ஒரு நொடியில் விழித்துக்கொண்டு வெடிக்கும்போது மேலே இருப்பவர் கீழே கிடப்பார்.

உண்மையான அமைதி தளர்ந்து இருக்கும். இமைகள் அடிக்கடி மூடித் திறக்கும், காது ஒன்று உங்கள் பக்கமும் ஒன்று எங்கோவும் திரும்பும், ஒரு பின்னங்காலை ஓய்வாக மடிக்கும், பெருமூச்சு வரும். வாயை மெல்லும் அசைவைப் ‘ஒப்புக்கொண்டுவிட்டது’ என்று பலர் சொல்வார்கள். அது விறைப்பு தளர்ந்துகொண்டிருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது, அதாவது சற்று முன்வரை விறைப்பாக இருந்தது. நீங்கள் பட்டிக்குள் இருக்கும்போதே குதிரை படுத்துத் தூங்கினால், அதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது.

உறைந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், கையை எடுத்து, பின்னால் போய், அது மூச்சை விட்டு ஓரடியாவது நகரும்வரை காத்திருங்கள். நகரும் குதிரை யோசிக்கும் குதிரை.

கழி, கை, கயிறு

எல்லை ஐந்தாறு அடியாகச் சுருங்கியதும் மூங்கில் கழி உதவும். மூன்று முதல் மூன்றரை மீட்டர் நீளம், எடை குறைவானது, நுனியில் துணி சுற்றியது. உதைக்கு எட்டாத தூரத்தில் நின்று தொட முடியும் என்பதுதான் இதன் பலன். முதலில் பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டைத் தொடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே குறையும். முகத்தைத் தொடாதீர்கள். தொட்டதும் நகர்ந்தால் கழியையும் அதோடு நகர்த்தி மேலேயே வைத்திருங்கள். அது நின்றதும் எடுங்கள். நகரும்போது எடுத்தால், நகர்ந்தால் தொல்லை போகும் என்று கற்றுக்கொள்ளும். எடுக்கும் அந்த நொடியில்தான் பாடம் இருக்கிறது.

மேட்டிலிருந்து முதுகு, கழுத்து, மார்பு, பிறகு தொடை. கழியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகப் பிடித்து நெருங்கி, கடைசியில் கையால் சொறியுங்கள். தடவுவதைவிடச் சொறிவதுதான் அதற்குப் பிடிக்கும், தட்டிக்கொடுப்பது வேண்டாம்.

இடப்பக்கம் முடிந்ததும் வலப்பக்கம் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும்தான் தெரியாது. ஒரு பக்கம் நிம்மதியாக ஏற்றுக்கொண்டதை மறுபக்கம் புதிதாக மிரண்டு பார்க்கும். லாயக் குதிரைகளிடமும் இது உண்டு. ஆனால் அவற்றை இடப்பக்கமே கையாண்டு வளர்ப்பதால் வலப்பக்கப் பயத்தை யாரும் கவனிப்பதில்லை.

தலைக்கயிற்றை முதலில் சுருட்டிக் கழுத்தில் தேய்த்துப் பழக்குங்கள். பிறகு ஒரு மென்மையான பருத்திக் கயிற்றைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு எடுங்கள், பலமுறை. அதன்பின் மூக்குப்பட்டை. காதுக்கு மேலே கொண்டுபோகாமல், கழுத்துக்குப் பின்னால் சுற்றிக் கட்டும் வகையே இவற்றுக்கு ஏற்றது. மாட்டியதும் இழுக்காதீர்கள். கயிற்றில் லேசான இழுவை வைத்து, ஒரு பக்கமாக நின்று காத்திருங்கள். தலை ஓர் அங்குலம் உங்கள் பக்கம் வந்ததும் கயிற்றை முழுதாகத் தளர்த்துங்கள். மூன்று நாளில் அந்த அங்குலம் ஓரடியாகும், ஓரடி இரண்டு எட்டாகும். கையுறை கட்டாயம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

தூணில் இறுகக் கட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். பின்னால் இழுத்துக் கழுத்தைச் சிதைத்துக்கொண்ட குதிரைகள் அநேகம். கயிற்றைத் தூணில் ஒரு சுற்று மட்டும் விட்டு, முனையைக் கையில் வைத்து, அது இழுத்தால் கொஞ்சம் வழுக்க விடுங்கள். லாயக் குதிரை இழுத்துப் பழகியிருந்தால் அது வேறு நோய். அங்கே உறுதியாக நிற்கும் வழிகள் தேவைப்படும், ஆனால் அந்த வழிகளை இங்கே கொண்டுவராதீர்கள்.

கையிலிருந்து தின்பண்டம் கொடுப்பது பற்றி வாதம் ஓயாது. மலையில் பிறந்த குதிரைக்கு முதல் வாரங்களில் ஒரு பிடி புல்லைக் கையில் நீட்டுவது நல்லது. மனிதன் அருகில் வருவதற்கு அதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. கேரட் பல மஸ்டாங்குகளுக்கு உணவென்றே தெரியாது. தலைக்கயிற்றைத் தானாக வாங்கிக்கொள்ளும் கட்டம் வந்ததும் கைத்தீனியை வாளிக்கு மாற்றிவிடுங்கள். சட்டைப் பையைக் குடைந்து, கிடைக்காவிட்டால் கடிக்கும் லாயக் குதிரைகள் இப்படித்தான் உருவாகின.

குளம்பு, வண்டி, திறந்த நிலம்

குளம்பைக் கையால் தூக்குவதற்கு முன், மென்கயிற்றைக் காலைச் சுற்றி விட்டு, தள்ளி நின்று தூக்கிப் பழக்குங்கள். ஓடிப் பிழைக்கும் விலங்குக்குக் காலைக் கொடுப்பது உயிரைக் கொடுப்பது மாதிரி. கால் தளர்ந்ததும், அது பிடுங்குவதற்கு முன்பே நீங்களே கீழே வையுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்க வேண்டும், ஆகவே இந்தப் பயிற்சியைத் தள்ளிப்போட நேரமில்லை. லாடம் அடிப்பவரை அழைக்கும் முன், வேறு ஒருவர் வந்து நாலு காலையும் தூக்கிப் பார்த்துவிட வேண்டும்.

டிரெய்லரைப் பட்டி வாசலோடு ஒட்டி நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, உள்ளே புல் வையுங்கள். தானாக ஏறித் தின்று இறங்கப் பழகட்டும். அது வந்த வண்டி, குதிரையின் நினைவில் பயத்தோடு சேர்ந்தது. அந்த நினைவை அழிக்க நாட்கள் ஆகும்.

சேணம் ஏற்றுவது இங்கிருந்து பெரும்பாலும் மற்ற குதிரைகளுக்குச் சொல்வதேதான். காலத்தைப் பொறுத்தவரை ஓர் அளவு வைத்துக்கொள்ளலாம். 2007-இல் டெக்சாஸின் போர்ட் வொர்த்தில் தொடங்கிய எக்ஸ்ட்ரீம் மஸ்டாங் மேக்ஓவர் போட்டியில் பயிற்சியாளர்களுக்குச் சுமார் 100 நாள் தருகிறார்கள். நெவாடாவின் கார்சன் சிட்டி சிறையில் கைதிகள் பழக்கும் குதிரைகளுக்கு ஏறக்குறைய நான்கு மாதம். இவர்கள் நாள் முழுக்க இதே வேலையாக இருப்பவர்கள். மாலையில் ஒரு மணி நேரம் கிடைக்கும் ஒருவர் இரட்டிப்புக் காலம் எடுத்துக்கொண்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தத்தெடுத்து ஓராண்டு கழித்துத்தான் உரிமைச் சான்றும் வரும்.

பெரிய நிலத்தில் அவிழ்த்துவிட எப்போது தயார்? பட்டியின் எந்த இடத்தில் நின்றாலும், எந்தப் பக்கத்திலிருந்தும், மழையிலும், ஓடிக்கொண்டிருந்துவிட்டு நின்ற பிறகும், நீங்கள் தலைக்கயிறோடு நடந்து போனால் அது முகத்தைத் திருப்பி நிற்க வேண்டும். ஒரு வாரம் தவறாமல் இப்படி நின்றால் தயார். முதல் நாள், தீவன நேரத்துக்கு ஒரு மணி முன்பு, பசியோடு கூட்டிப்போங்கள். கயிற்றில் பிடித்தபடி வேலியை முழுச் சுற்று நடத்திக் காட்டுங்கள். கம்பியில் துணிப்பட்டைகள் கட்டியிருந்தால் வேலி எங்கே இருக்கிறது என்று அதன் கண்ணுக்குத் தெரியும். பட்டி வாசல் திறந்தே இருக்கட்டும். கயிற்றை அவிழ்த்ததும் அது பாய்ந்து ஓடும், வாலைத் தூக்கி, மூக்கால் சீறி, இரண்டு சுற்றுச் சுற்றும். நீங்கள் பின்னால் போகாதீர்கள். பட்டிக்குள் போய், வழக்கமான இடத்தில், வழக்கமான சத்தத்தோடு புல்லை வையுங்கள்.

மூச்சு இறங்கியதும் அது வாசலருகே வந்து நின்று பார்க்கும். உள்ளே வரும்வரை வாசலைத் தொடாதீர்கள். வந்த பிறகும் உடனே சாத்தாதீர்கள்.